மட்டாஞ்சேரியில் எடுத்த முகூர்த்தப் புடவை

கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு தெரு முழுக்கப் பழைய சாமான் விற்கிறார்கள். துருப்பிடித்த பூட்டு, கைப்பிடி போன கூஜா, கால் ஒடிந்த நாற்காலி, எவனோ குளித்த அண்டா, எவளோ வெற்றிலை எச்சில் துப்பிய படிக்கம். எங்கள் எண்ணூர்ப் பக்கம் இதையெல்லாம் தள்ளுவண்டிக்காரனிடம் எடைக்குப் போட்டுத் தொலைத்துவிடுவோம். அங்கே அதையே கண்ணாடிக்குள் வைத்து, மேலே விளக்கைப் போட்டு, தொடாதே என்று அட்டை எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஊர் ஊராகச் சுற்ற வந்தவர்கள் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். சொந்த வீட்டுப் பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு, அடுத்தவன் வீட்டுப் பித்தளையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது? மரியாதையான வார்த்தை எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

அந்தத் தெருவில்தான் என் மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்தேன். நான்தான் எடுத்தேன். என் கையால் எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. கடைக்காரன் விரித்துப் போட்டதில் பிடித்ததை, வீட்டுச் சுமங்கலி ஒருத்தி முதலில் கைவைத்துத் தூக்கி மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் தொடலாம். நான் சுமங்கலி இல்லை. என் புருஷன் கடலில் போயிருந்தாலாவது குப்பத்தில் நாலு பேர் பெருமையாகப் பேசியிருப்பார்கள். அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்குப் பிறகு காசிமேட்டு ஏலத்தில் ஆம்பளைகளோடு தோள் இடித்து நின்று, மீன் எடுத்து, ஓட்டல்களுக்குப் போட்டு அவனைப் படிக்கவைத்தேன். மீன் கவிச்சி அடிக்கிறது என்று எந்தக் காலேஜும் என் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் கல்யாணப் புடவையில் மட்டும் என் கை படக் கூடாதாம்.

இதை என்னிடம் சொன்னவள் என் நாத்தனார், புருஷனுக்கு அக்கா. நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான். அவள் புருஷன் இருக்கிறார். குடித்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்தாலும் இருக்கிறார். அதனால் அவள் கை நல்ல கை.

"வராதன்னு நான் சொல்லல. கூட வா, பக்கத்துல குந்து, துட்ட குடு. பொடவைல மட்டும் கைய வெக்காத. நான் எடுத்துத் தரேன்" என்றாள்.

"ஏன் அண்ணி, என் கைல இன்னா சீழா வடியுது?"

"ஊரு பேசும்டி."

"ஊரு வந்து ஃபீஸ் கட்டுச்சா?"

"ஒரு நல்லது சொல்ல வந்தா ஏலத்துல நிக்கிற மாதிரியே கத்து. உன் புள்ளைக்குதான் சொல்றேன், எனக்கா கல்யாணம்?"

இதற்கு மேல் அவளிடம் பேசினால் தெரு கூடும். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், புடவையை நான்தான் எடுப்பேன் என்று.

மகனும் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் கொச்சியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தார்கள். பெண் திருவான்மியூர்க்காரி. பழைய கட்டடங்களை இடிக்காமல் பழசு மாதிரியே திருப்பிக் கட்டுகிற படிப்புப் படித்தவள். இதற்கு ஒரு படிப்பு. அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை, புடவையை இங்கேயே வந்து எடுங்கள் என்று மகன் கூப்பிட்டான். நானும் நாத்தனாரும் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். அவள் புளிச்சோற்றுக்கு வறுத்த கருவாட்டைப் பெட்டியில் பிரித்துவைத்தாள். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். "மூடிக்க, மூடிக்க. துன்ன குடுத்தா மட்டும் வாங்கிக்குவ" என்றாள் நாத்தனார். கேட்கும்படிதான் சொன்னாள்.

புடவைக்கு முன்னால் அந்தப் பெண் எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினாள். முதலில் கடற்கரையில் சீன வலை. பெரிய பெரிய கம்பில் கட்டி இறக்கி ஏற்றுகிறார்கள். அதில் விழுகிற மீனை வைத்து ஒரு குடும்பம் ஒருவேளைகூடச் சாப்பிட முடியாது. வலையை இழுத்துப்பார்க்கச் சுற்றுலாக்காரர்களிடம் காசு வாங்குகிறார்கள். அது மீனைவிட லாபம். பக்கத்திலேயே பலகையில் மீன் வைத்து, இப்போதுதான் வலையில் வந்தது என்று விற்கிறார்கள். நாத்தனார் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது. தூக்கிப் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"இத்த எங்கூர்ல பூனைக்குப் போட்டா பூனை போலீசுக்குப் போவும்."

விற்கிறவன் புரியாமல் சிரித்தான். வெளிநாட்டு ஜோடி ஒன்று அந்த மீனை வாங்கி, பக்கத்துக் கடையில் பொரிக்கக் கொடுத்துவிட்டு, அது பொரிவதைப் படம் பிடித்துக்கொண்டு நின்றது.

அடுத்தது துணிக்கடை. ஏசி, ஊதுபத்தி, தரையில் கோரைப்பாய். கையால் அச்சு குத்திய துணி என்று அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ஏற்கெனவே பத்துத் தடவை துவைத்த மாதிரி வெளுத்த நிறம். சாயம் போகுமா என்று கேட்டேன். போகும், அதுதான் அழகு என்றாள் விற்கிற பெண். சாயம் போனால் நாங்கள் கடைக்காரன் சட்டையைப் பிடிப்போம், இங்கே அதற்கும் சேர்த்து விலை போட்டிருந்தார்கள். மருமகளாக வரப்போகிறவள் இரண்டு குர்தா எடுத்தாள். பில் போடும்போது நாத்தனார் குறுக்கே புகுந்தாள்.

"ரெண்டு எடுத்துகீறோம்ல, கொசுறு இன்னா?"

பில் போட்ட பெண் விழித்தாள்.

"கொசுறு தெரியாது? மீன் வாங்கினா மேல ரெண்டு நெத்திலி போடுவோம்ல, அத்த மாதிரி. ஒரு கைக்குட்டையாச்சும் குடும்மா."

இங்கே எல்லாம் ஒரே விலைதான் என்று மகன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். முகம் சிவந்துபோயிருந்தது. அவனுக்கு அவமானம். அவன் அப்பன் வழி அத்தை, கொசுறு கேட்டே குடும்பத்தை ஓட்டியவள், அவனுக்கு அவமானம். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். கையை விட்டான்.

"சரி, முகூர்த்தப் புடவைக்கு எந்தக் கடை?" என்று கேட்டேன். ஊரில் பெரிய பட்டுக் கடை இரண்டு மூன்று இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தேன்.

"ஆன்ட்டி, கடை இல்ல. நான் ஒரு புடவை பார்த்துவெச்சிருக்கேன். மட்டாஞ்சேரில" என்றாள் அந்தப் பெண்.

"ஆன்ட்டியாம் பூண்டியாம்" என்று நாத்தனார் என் காதில் முணுமுணுத்தாள்.

இப்படித்தான் அந்தத் தெருவுக்குப் போய்ச்சேர்ந்தோம். அவள் கூட்டிப்போனது பழைய மிளகுக் கிட்டங்கியைக் கடையாக்கின இடம். உள்ளே நுழைந்ததும் நாத்தனார் கால் வலிக்கிறது என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே ஒருவன் ஓடிவந்து எழுந்திருக்கச் சொன்னான். அது பெஞ்சு இல்லையாம், கலைப்பொருளாம். குனிந்து பார்த்தேன். கட்டுமரத்தில் கட்டுகிற மரம். கயிறு உராய்ந்து பள்ளமான தடம் அப்படியே இருந்தது. அதற்கு இரும்பில் நாலு கால் வைத்து, மேலே பளபளவென்று ஏதோ பூசியிருந்தார்கள். ஃபைபர் படகு வந்த பிறகு எங்கள் குப்பத்தில் இந்த மரமெல்லாம் அடுப்புக்குப் போனது. போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதில் போனவன் இடுப்பு முப்பது வயதில் போய்விடும். அதன் விலையை மகன் படித்துச் சொன்னான்.

"இன்னாடா சொல்ற? இந்தத் துட்டுக்கு எஞ்சினே வாங்கலாமேடா" என்ற நாத்தனார், அதற்குப் பிறகு அந்தக் கடையில் எதன்மீதும் உட்காரவில்லை.

கடைக்காரன் நரைத்த தாடி வைத்த ஆள். தமிழ் கொஞ்சம் பேசுவான். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் உள்ளே போய், மல் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி நடை. பிரித்தான். கற்பூர வாசமும் அதற்கு அடியில் எலி வாசமும் வந்தது.

அரக்கு நிறப் பட்டு. ஒரு சாண் அகலத்துக்குக் கனமான ஜரிகை. மடிப்புகளில் இழை விட்டிருந்தது. எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருத்தன் பழைய பட்டுப்புடவை வாங்குகிறேன் என்று கூவிக்கொண்டு வருவான். இதுமாதிரிப் புடவையை எடைபோட்டு வாங்கிப்போய், எரித்து வெள்ளி எடுப்பார்கள். எரிப்பதற்கு முன்னால் எவனோ இதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டான், அவ்வளவுதான்.

கடைக்காரன் அந்தப் பெண்ணிடம் இங்கிலீசில் கதை சொன்னான். மகன் எங்களுக்குத் தமிழில் சொன்னான். ஒரு சின்ன அரண்மனையில் ஓர் இளம் ராணி கல்யாணத்துக்குக் கட்டிய புடவையாம். கல்யாணமான சில மாதத்தில் ராஜா செத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவள் இதைத் தொடவே இல்லையாம். சாகிற வரைக்கும் பெட்டியிலேயே வைத்திருந்தாளாம். அதனால்தான் ஜரிகை கறுக்கவில்லையாம். சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. எவளோ ஒருத்தி தாலியறுத்ததைக் கேட்டு இவள் உருகுகிறாள்.

"அம்மாடி, இது உடுத்தின புடவை. மணவறைக்குக் கோடிதான் கட்டணும். புதுப் புடவை. அடுத்தவ வேர்வை படாத புடவை" என்றேன்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவைதான் கட்டியிருக்காங்க."

"ஒரு தடவ கடிச்ச மாம்பழத்த நீ வாங்குவியா?"

மகன் சுவரில் மாட்டியிருந்த முகமூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் பேசும்போது வாய் திறக்காத ரகம் அவன்.

அதற்குள் நாத்தனார் கடைக்காரனை மடக்கினாள். மகன் கதையைத் தமிழில் சொன்னபோது அவள் பித்தளை விளக்குகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

"அண்ணாத்த, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இத்த கட்டுனவ தாலியோட போனாளா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் கழுத்துச் சரட்டைத் தூக்கிக் காட்டி, மேலே கையைக் காட்டி விளக்கினாள். கடை நடத்துகிறவன் இல்லையா, வாடிக்கையாளர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று மூக்கிலேயே மோப்பம் பிடித்துவிட்டான்.

"ஆமா சேச்சி, தாலியோடதான்! தொண்ணூறு வயசு. மக்கள், பேரமக்கள் எல்லாம் உண்டு. ஹஸ்பெண்ட் பக்கத்துல இருக்கும்போதுதான் மரிச்சது. நல்ல ஐஸ்வர்யமுள்ள புடவை."

நான் மகனைப் பார்த்தேன். மகன் அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"யோவ், இப்பதானே ராஜா செத்துட்டாருன்ன? அதுக்குள்ள எழுந்து வந்துட்டாரா?" என்றேன்.

கண் இமைக்காமல் சொன்னான், "அது வேற புடவை சேச்சி."

இவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறவனைக் காசிமேட்டில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆள் அழுகின மீனை நல்ல மீன் என்பான். இவன் செத்தவனை உயிரோடு கொண்டுவந்து பெண்டாட்டி பக்கத்தில் படுக்கவைக்கிறான்.

"நல்லா டபாய்க்கிறான்" என்றாள் நாத்தனார். முழுக்கதையையும் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு புடவை இருந்த பக்கம் கையை வீசினாள். "தூ. அறுத்தவ பொட்டிலே கெடந்த பொடவையா? அத்த தொட்டாலே நம்ம வூட்டுக்கு ஆவாது. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அறுத்தவ பேச்சு. வா போலாம், இந்த எடமே கலீஜா கீது."

நான் அவளுக்கும் புடவைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் குத்திக்காட்டத்தான் அப்படிச் சொன்னாள் என்றால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெண்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, காலைல நாஸ்டா துன்னியே, யாரு துட்டு அது?" என்றேன்.

"உன்துதான். இன்னாத்துக்கு இப்ப அது?"

"அறுத்தவ துட்டு தொண்டைல எறங்குச்சா?"

"நான் உன்னையா சொன்னேன்? அந்த ராணியச் சொன்னேன்டி" என்றாள்.

"ராணியத் தொட்டா தோஷம், என்னைத் தொட்டா நாஸ்டாவா?"

அந்தப் புடவை எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. எலி நாற்றம் அடிக்கிற கிழிசல். ஆனால் கையை நீட்டி, இரண்டு கையாலும் அள்ளி, என் மடியில் போட்டுக்கொண்டேன். பட்டு குளிர்ச்சியாக, ஈர வலை மாதிரிக் கனத்தது. மல் துணியோடு எடுங்கள் என்று கடைக்காரன் பதறினான். "வெல சொல்லு" என்றேன்.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கடைக்காரன் சொன்ன விலையை நான் காதில் வாங்கவே இல்லை. ஏலத்தில் முதல் விலையை யாரும் கேட்பதில்லை. மடிப்பு ஒவ்வொன்றையும் பிரித்து இழை விட்ட இடத்தில் விரலை விட்டுக் காட்டினேன். ராஜா செத்த கதைக்கு ஒரு விலை, சாகாத கதைக்கு ஒரு விலை, எந்தக் கதையைப் பில்லில் எழுதப்போகிறாய் என்று கேட்டேன். கடைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களை வெளியே அனுப்பினால் போதும் என்று அவனுக்கு ஆகிவிட்டது. சொன்னதில் பாதிக்கும் கீழே வந்தான். அப்படியும் அநியாய விலைதான். அந்தப் பணத்துக்குப் புதுப் பட்டு எடுத்து மிச்சத்தில் ரவிக்கையும் தைத்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தனக்குப் பிடித்த புடவை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள். நாத்தனார் திரும்பி வருகிற ரயில் முழுக்க என்னோடு பேசவில்லை. கருவாட்டை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஊரில் எங்களுக்கு இன்னொரு வழக்கம். புடவை எடுத்து வந்தால் குப்பத்துப் பெண்கள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள், புரட்டுவார்கள், விலை கேட்பார்கள், ஏமாந்துவிட்டாய் என்பார்கள். அன்றைக்கும் வந்தார்கள். எங்கே எடுத்தது என்று கேட்டார்கள்.

"கொச்சில. பழைய பொடவ. கட்டுனவ அறுத்தவளா, தாலியோட போனவளான்னு தெரியாது. எடுத்தது நான்" என்றேன்.

நீட்டின கைகள் பின்னால் போயின. கடைசியில் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி முந்தானையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா கீது, நெசமான வெள்ளிதான்" என்றாள். அது போதும். வெள்ளி என்றதும் எல்லாருடைய கையும் நீண்டது. தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

நாத்தனார் மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கட்டுவதற்கு முன்னால் புடவையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க வேண்டும். அதையும் சுமங்கலிதான் வைப்பாள். அவள் கிண்ணத்தை எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். தானும் தொடவில்லை, என்னிடம் தொடாதே என்றும் சொல்லவில்லை. நான் விரலை விட்டு எடுத்தேன்.

"ஐயோ ஆன்ட்டி, வேண்டாம்!"

கத்தியது மருமகள். ரவிக்கைக்கு நிறம் பார்க்கப் புடவையை வாங்கிப்போக, கல்யாண லீவில் மகனோடு அன்றைக்கு வந்திருந்தாள். மஞ்சள் பட்டால் கறை போகாதாம், பழைய பட்டு கெட்டுவிடுமாம், அதன் மதிப்பே போய்விடுமாம். அத்தனை நாள் நாத்தனார் சொன்ன அதே வார்த்தை. புடவையில் கை வைக்காதே. ஒருத்திக்குத் தாலி காரணம், இன்னொருத்திக்குக் கறை காரணம்.

"தே பாரு. மஞ்ச வெச்சாத்தான் இது பொடவ. வெக்காட்டி இது அந்தக் கடைக்காரன் சரக்கு. நீ பொடவ கட்டிக்கப்போறியா, சரக்கு கட்டிக்கப்போறியா?"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் நாலு மூலையிலும் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன். காலையில் காயப்போட்ட துணியை மத்தியானம் அனல்மின் நிலையத்துச் சாம்பலை உதறி மடிக்கிற ஊர் இது. இங்கே கறைக்கெல்லாம் யார் பயப்படுகிறார்கள்?

கல்யாணம் நடந்தது. புடவை மடிப்பில் ஓர் இடத்தில் விட்டது, ஊக்குக் குத்திக்கொண்டார்கள். மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட்டாள். அது அவள் உரிமை, அதில் நான் கை வைக்கவில்லை.

இப்போது அந்தப் புடவை கொச்சியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. மஞ்சள் மூலை வெளியே தெரியும்படி மடித்திருக்கிறாள். போன தடவை நான் போயிருந்தபோது அவள் சிநேகிதிகள் வந்தார்கள். அவர்களை நிறுத்திவைத்து, கறையைக் காட்டி, கதை சொன்னாள். கடலோரக் குப்பம், விதவை மாமியார், ஊரையே எதிர்த்து நடுங்குகிற கையால் வைத்த மஞ்சள், கண்ணீர் வழிந்ததாம். கதை விடுவதில் அந்தத் தாடிக்காரக் கடைக்காரன் கெட்டான். சிநேகிதிகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், கால் ஒடிந்த நாற்காலியைப் பார்க்கிற அதே பார்வை. கண்ணாடிச் சட்டம் மட்டும்தான் எனக்குப் போடவில்லை.

என் கை நடுங்கவில்லை. நான் அழவும் இல்லை. அன்றைக்கு அழுதது நாத்தனார்தான். அதுவும் புடவையின் விலையை என் மகன் வாய் தவறிச் சொன்ன பிறகு.